சிம்னி மாட்டும் முன் மூன்றாவது கம்பியைப் பாருங்கள்

ஷஃபான் பிறந்துவிட்டால் நம் வீடுகளில் வேலை தொடங்கிவிடும். பரணைத் துடைப்பது, சுவருக்கு வெள்ளையடிப்பது, மிளகாய், மல்லி காயவைத்து அரைத்து வருவது என்று ரமலானுக்கு முன்பே எல்லாம் முடிந்தாக வேண்டும். சில ஆண்டுகளாக இந்த வேலைகளோடு அடுப்படிக்கு எக்ஸாஸ்ட் ஃபேனோ சிம்னியோ மாட்டுவதும் சேர்ந்திருக்கிறது. நல்ல விஷயம்தான். 30 நாளும் அஸருக்குப் பிறகு சமோசாவும் வடையும் பொரிப்பவர்களுக்குத்தான் அந்த எண்ணெய்ப் புகையின் அருமை தெரியும். விறகடுப்பு இருந்த பழைய வீடுகளில் கூரைவரை உயர்ந்த புகைக்கூண்டு இந்த வேலையை மின்சாரமே இல்லாமல் பார்த்தது. இன்றைய வீடுகளில் அடுப்படி சின்னது, கூரை தாழ்வு, பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டி நிற்கிறது. அதனால் காற்றை இயந்திரம் வைத்துத்தான் இழுக்க வேண்டியிருக்கிறது.

கடையில் நாம் கேட்பதெல்லாம் அந்த இயந்திரத்தைப் பற்றித்தான். எவ்வளவு இழுக்கும், எத்தனை வருட உத்தரவாதம், கண்ணாடி வளைவா நேரா என்று கேட்கிறோம். மாட்டப்போகும் சுவரில் எர்த் இருக்கிறதா என்று கேட்பவர் குறைவு. உயிருக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் அந்த இடத்திலிருந்துதான்.

ஏன் என்று பாருங்கள். சிம்னி ஓர் இரும்பு அல்லது ஸ்டீல் பெட்டி. உள்ளே மோட்டாரும், விளக்கும், அவற்றுக்குப் போகும் வயர்களும் இருக்கின்றன. கீழிருந்து நாள் முழுவதும் சூடும், நீராவியும், எண்ணெய்ப் புகையும் ஏறுகின்றன. காலப்போக்கில் வயரின் மேலுறை இறுகி வெடிக்கும். வெடித்த இடம் பெட்டியைத் தொட்டால் பெட்டி முழுவதும் மின்சாரம் பாயும். படுக்கையறையில் இப்படி ஒரு கோளாறு வந்தால் வறண்ட கையோடு, பாயில் நின்று தொடுவோம். அடுப்படியில் அப்படி இல்லை. கை ஈரம், தரை ஈரம், சில நேரம் வெறுங்கால். ஒரு கை சிம்னி சுவிட்சில் இருக்கும்போது மறு கை தண்ணீர்க் குழாயில் இருக்கும். மின்சாரம் ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கும்போது அதன் வழி நெஞ்சுக்கூடு.

இதைத் தடுக்கத்தான் மூன்றாவது கம்பி. ஃபேஸ் வழியாக மின்சாரம் வருகிறது, நியூட்ரல் வழியாகத் திரும்புகிறது. எர்த் என்பது சாதாரண நாளில் எந்த வேலையும் செய்யாத கம்பி. பெட்டியின் உலோக உடம்போடு பிணைக்கப்பட்டு, சுவர் வழியாகப் போய், வீட்டுக்கு வெளியே மண்ணில் புதைத்த குழாயில் முடிகிறது. பெட்டியில் மின்சாரம் கசிந்த அந்த நொடியில் அது மனித உடம்புக்காகக் காத்திருக்காமல் இந்தக் கம்பி வழியே மண்ணுக்கு ஓடிவிடும். அப்படி ஓடும்போது ஃபியூஸ் போகும், அல்லது டிரிப் ஆகும். எர்த் இல்லாத பெட்டியோ 230 வோல்ட்டோடு சத்தமில்லாமல் இருக்கும். ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும்.

எர்த் எப்படிக் காணாமல் போகிறது? நம் பகுதியில் பார்க்கும் வகைகளைச் சொல்கிறேன். 30, 40 வருடம் முன்பு கட்டிய வீடுகளில் லைட்டுக்கும் ஃபேனுக்கும் இரண்டே கம்பி ஓட்டியிருப்பார்கள்; எர்த்தே கிடையாது. சில வீடுகளில் மெயின் போர்டு வரை பச்சை வயர் வந்திருக்கும், அடுப்படி சுவிட்ச் போர்டுக்குள் அதைச் சுருட்டி அப்படியே விட்டிருப்பார்கள். சில இடங்களில் மீட்டர் அருகே குழாயில் முறுக்கிய இரும்புக் கம்பி துருப்பிடித்து அறுந்திருக்கும். எர்த் குழியில் போட்ட உப்பும் கரியும் கோடையில் காய்ந்து, மண்ணோடு தொடர்பே இல்லாமல் கிடப்பதும் உண்டு. கோடையில் அந்தக் குழியில் அவ்வப்போது இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லி நம் பெரியவர்கள் வற்புறுத்தியது வீண் பேச்சு அல்ல. இன்னொன்று நாமே செய்வது: மூன்று பின் பிளக் போர்டில் நுழையவில்லை என்று மேலே உள்ள தடித்த பின்னை உடைத்துவிடுகிறோம்.

இவை எல்லாவற்றையும்விட மோசமானது ஒன்று உண்டு. வீட்டில் எர்த் இல்லை, வந்த சிம்னி மூன்று பின் கேட்கிறது. வேலைக்கு வந்தவர் சாக்கெட்டுக்குள்ளேயே ஒரு சின்ன வயர் துண்டால் நியூட்ரலையும் எர்த் துளையையும் இணைத்துவிட்டுப் போய்விடுவார். கேட்டால், "இரண்டும் ஒன்றுதான், கடைசியில் மண்ணுக்குத்தானே போகிறது" என்பார். ஒன்றல்ல. போஸ்ட்டிலோ மீட்டரிலோ நியூட்ரல் கம்பி கழன்றுவிட்டால் என்ன ஆகும்? வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு பல்பு வழியாக ஃபேஸ் நியூட்ரலுக்குள் வரும், அங்கிருந்து அந்தத் துண்டு வயர் வழியாக நேரே சிம்னியின் உடம்புக்கு வரும். கரண்ட் இல்லை, எல்லாம் நின்றுவிட்டது என்று நினைக்கும் நேரத்தில் அடுப்படியில் உள்ள உலோகம் எல்லாம் ஷாக் அடிக்கும். சர்வீஸ் வேலையில் யாராவது ஃபேஸையும் நியூட்ரலையும் மாற்றிக் கொடுத்துவிட்டாலும் இதே கதி. இந்தத் துண்டு வயர் உங்கள் சாக்கெட்டில் இருக்கிறதா என்று டெஸ்டர் சொல்லாது, மல்டிமீட்டரையும் ஏமாற்றிவிடும். மெயினை அணைத்து, சாக்கெட்டைக் கழற்றிக் கண்ணால் பார்ப்பதுதான் நம்பகமான வழி. எலக்ட்ரீஷியனிடம் அதைச் செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

சாக்கெட்டுக்குள் அந்தத் துண்டு இல்லை என்று உறுதியான பிறகு எர்த் உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கலாம். எலக்ட்ரீஷியன்கள் கையில் இரண்டு வயர் நீட்டிய ஹோல்டரும் குண்டு பல்பும் இருக்கும். ஒரு வயரை ஃபேஸிலும் மற்றதை எர்த்திலும் வைத்தால், நியூட்ரலில் வைத்தபோது எரிந்த அதே வெளிச்சத்தில் பல்பு எரிய வேண்டும். மங்கலாக எரிந்தால் எர்த் பேருக்குத்தான் இருக்கிறது. ஆர்.சி.சி.பி. உள்ள வீட்டில் பல்பு எரியாது, வைத்த நொடியில் டிரிப் ஆகிவிடும். அதுவும் நல்ல அடையாளமே. இந்தச் சோதனையை வீட்டில் உள்ளவர்கள் செய்ய வேண்டாம். செய்யச் சொல்லிக் கேட்பது நம் உரிமை. இரண்டு நிமிட வேலை.

ஆர்.சி.சி.பி. என்றேன். அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். "எங்கள் வீட்டில் டிரிப்பர் போட்டிருக்கிறோம், பயமில்லை" என்று பலர் சொல்வார்கள். அவர்கள் சொல்வது எம்.சி.பி. ஆக இருக்கும். வயர் தாங்குவதற்கு மேல் மின்சாரம் ஓடினால் எம்.சி.பி. விழும்; வயர் எரியாமல் காப்பது அதன் வேலை. 6 ஆம்பியர் எம்.சி.பி. 6 ஆம்பியருக்கு மேல் போனால்தான் யோசிக்கும். மனிதனைக் கொல்ல அதில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பு எடுக்கும் மின்சாரம், அதாவது ஏறத்தாழ 40 மில்லி ஆம்பியர், நெஞ்சு வழியாகச் சில நொடிகள் ஓடினாலே உயிருக்கு ஆபத்து. ஆர்.சி.சி.பி. வேறு வகை. போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் சமமா என்று அது ஓயாமல் கணக்குப் பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே எங்கோ கசிகிறது என்று கண நேரத்தில் துண்டித்துவிடும். வீட்டுக்கு வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்று கேட்டு வாங்குங்கள். 100, 300 என்றும் கடையில் உண்டு. அவை தீ விபத்தைத் தடுக்க உதவுமே தவிர ஷாக்கிலிருந்து ஆளைக் காப்பாற்றாது.

சிம்னியைவிட முதலில் ஆர்.சி.சி.பி.க்குச் செலவழியுங்கள் என்பதுதான் என் யோசனை. அடுப்படிக்கு மட்டுமல்லாமல் குளியலறை, வாஷிங் மெஷின், மோட்டார் எல்லாவற்றுக்கும் அது காவல். அதன் முகத்தில் "டி" என்று எழுத்துப் போட்ட சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். ஆர்.சி.சி.பி. இருந்தால் எர்த் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். எர்த் இருந்தால் யாரும் தொடுவதற்கு முன்பே அது விழும். எர்த் இல்லை என்றால், யாராவது தொட்டு, மின்சாரம் அவர் உடம்பில் ஓடிய பிறகுதான் விழும்.

இனி வயருக்கு வருவோம். சிம்னி பெரிதாக இருப்பதால் அதிக கரண்ட் இழுக்கும் என்று பயந்து தடித்த வயரும் 16 ஆம்பியர் சாக்கெட்டும் கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலான வீட்டுச் சிம்னிகள் 200, 250 வாட்டுக்குள் அடங்கிவிடும். அதாவது ஏறத்தாழ 1 ஆம்பியர். எக்ஸாஸ்ட் ஃபேன் அதிலும் கால் பங்குதான். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள 1.5 சதுர மி.மீ. செம்பு வயரும், மூன்று துளையுள்ள 6 ஆம்பியர் சாக்கெட்டும் தாராளம். தானே சுத்தம் செய்யும் ஹீட்டர் உள்ள மாடல் என்றால் பெட்டியின் பின்புறம் ஒட்டியுள்ள சீட்டில் வாட் எவ்வளவு என்று பார்த்து முடிவு செய்யுங்கள். ஆனால் அதே சாக்கெட்டில் மல்டி பிளக் சொருகி மிக்ஸியையும் தண்ணீர்க் கெட்டிலையும் சேர்க்காதீர்கள். சிம்னிக்குத் தனிச் சாக்கெட், தனிச் சுவிட்ச் வேண்டும்.

அந்த சுவிட்ச் அடுப்புக்கு மேலே வரவே கூடாது. தீயைத் தாண்டிக் கை நீட்டி அணைக்க வேண்டிய நிலை, துப்பட்டாவும் முந்தானையும் அணிந்து சமைப்பவர்களுக்கு எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. அடுப்புக்கும் சிங்க்குக்கும் எட்டாத பக்கச் சுவரில், நின்றபடி எட்டும் உயரத்தில் இருக்கட்டும். சாக்கெட்டைச் சிம்னியின் பின்னால் மறைத்து வைப்பது பார்க்க அழகு. ஆனால் சுத்தம் செய்யும்போது பிளக்கைப் பிடுங்க முடியாது. கொஞ்சம் வெளியே தெரிந்தாலும் கைக்கு எட்டுவதே நல்லது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸை ஆணியில் தொங்கவிட்டு இணைப்புக் கொடுப்பதும், இரண்டு வயரை முறுக்கி டேப் சுற்றி விடுவதும் அடுப்படியில் கூடாது. நீராவிக்கும் எண்ணெய்ப் பசைக்கும் அந்த டேப் சில மாதங்களில் கழன்றுவிடும்.

சுவிட்ச் ஃபேஸைத்தான் துண்டிக்க வேண்டும். சில பழைய போர்டுகளில் நியூட்ரலைத் துண்டிக்கும்படி மாட்டியிருப்பார்கள். சுவிட்சை அணைத்தால் ஃபேன் நிற்கும், ஆனால் மோட்டார் வரை மின்சாரம் வந்து நிற்கும். அணைத்துவிட்டோம் என்ற தைரியத்தில் துடைக்கக் கை வைப்பவருக்கு ஷாக். சுவிட்சை அணைத்த பிறகும் சாக்கெட்டில் டெஸ்டர் எரிந்தால் இதுதான் கோளாறு.

வயரின் நிறத்தில் ஒரு குழப்பம் உண்டு. நம் வீட்டுச் சுவருக்குள் ஓடுவது வழக்கமாகச் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். மூன்று ஃபேஸ் சர்வீஸ் உள்ள வீட்டில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றுமே ஃபேஸ். ஆனால் சிம்னியோடு வரும் வயரில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், மஞ்சள் கோடு போட்ட பச்சை எர்த். சுவரில் நீலம் உயிர்க் கம்பி, பெட்டியில் நீலம் நியூட்ரல்! நிறத்தைப் பார்த்து நீலத்தோடு நீலத்தை இணைப்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். பிளக்கை வெட்டாமல், கம்பெனி கொடுத்தபடியே சொருகினால் இந்தக் கேள்வியே எழாது.

பிளாஸ்டிக் உடம்புள்ள சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன் சிலவற்றில் இரண்டு கம்பிதான் வரும். அதன் மேல் சதுரத்துக்குள் சதுரம் போட்ட அடையாளம் இருந்தால் அதற்கு எர்த் தேவையில்லை. இரட்டைக் காப்பு உள்ளது என்று பொருள். எர்த் வசதி செய்ய முடியாத பழைய வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இப்போதைக்கு இதுவே ஏற்றது. இரும்புச் சட்டம் உள்ள ஃபேனுக்கு எர்த் கட்டாயம் வேண்டும். வீட்டுக்காரரிடம் சிம்னி மாட்ட அனுமதி கேட்கும்போதே எர்த்துக்கும் சேர்த்துக் கேளுங்கள். அது வீட்டோடு நிற்கும் வேலை, நீங்கள் காலி செய்யும்போது எடுத்துப் போகப் போவதில்லை. ஆகவே அந்தச் செலவை அவர் ஏற்பதே முறை.

சபராளிகள் கொண்டுவரும் சாமான்கள் பற்றியும் சொல்ல வேண்டும். துபாய், சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வரும் பொருளில் சதுரப் பின் மூன்று உள்ள பிளக் இருக்கும். அந்த பிளக்குக்குள்ளேயே ஒரு ஃபியூஸ் உண்டு. அதை வெட்டி எறிந்து இரண்டு பின் பிளக் போடும்போது ஃபியூஸும் போகிறது, எர்த்தும் போகிறது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் மாற்று பிளக்குகள் பலவற்றில் எர்த் பின் பெயருக்கு ஒட்டியிருக்குமே தவிர உள்ளே தொடர்பு இருக்காது. நல்ல மூன்று பின் பிளக் வாங்கி எலக்ட்ரீஷியனை வைத்து மாற்றுவதே சரி. சவூதியிலிருந்து வருவதில் இன்னொரு சங்கதி: அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. 60-க்கு மட்டும் என்று செய்த மோட்டார் இங்கே மெதுவாகச் சுற்றி அதிகம் சூடாகும். அங்குள்ள பழைய வீடுகளில் 127 வோல்ட் ஓடியது. அதற்கென்று செய்த பழைய ஃபேனை இங்கே சொருகினால் உடனே புகைந்துவிடும். பெட்டியின் சீட்டில் "220-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்" என்று இருந்தால் கவலையில்லை.

மாட்டும் இடத்துக்கு வருகிறேன். அடுப்பின் மேல்தளத்துக்கும் சிம்னியின் அடிக்கும் இடையே 65 முதல் 75 செ.மீ. இருப்பது வழக்கம், 26 முதல் 30 அங்குலம். கம்பெனிப் புத்தகத்தில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். இன்னும் நன்றாக இழுக்கட்டும் என்று தாழ்த்தி மாட்டக் கூடாது. நம் வீட்டில் தேக்சா வைத்து பிரியாணி ஆக்குகிறோம். பாத்திரமே ஒரு முழம் உயரம் என்றால் மிச்ச இடைவெளி எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். வெளியேற்றும் குழாய் 6 அங்குலம் என்றால் கடைசிவரை 6 அங்குலமாகவே போக வேண்டும். சுவரில் ஏற்கனவே 4 அங்குலத் துளை இருக்கிறது என்று அதில் திணித்தால் மோட்டார் கத்தும், புகை போகாது. குழாய் எவ்வளவு குட்டையோ, எவ்வளவு வளைவு குறைவோ அவ்வளவு நல்லது. அலுமினியச் சுருள் குழாயை நன்றாக இழுத்து நீட்டிப் பொருத்த வேண்டும். மடிந்த இடமெல்லாம் எண்ணெய் தேங்கும் இடம். வாய் எங்கே திறக்கிறது என்றும் பாருங்கள். நம் சந்துகளில் எதிர்வீட்டு ஜன்னல் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. நம் மீன் பொரியல் புகை அவர்கள் தொட்டில் மேல் போய் விழக் கூடாது. முடிந்தால் குழாயை மொட்டைமாடிக்கு மேலே கொண்டுபோங்கள், மழையும் குருவியும் புகாதபடி மூடி போடுங்கள்.

குழாயே இல்லாமல், கரி ஃபில்டர் வைத்து அதே காற்றை அறைக்குள் திருப்பிவிடும் சிம்னியும் விற்கிறார்கள். எண்ணெயையும் வாடையையும் ஓரளவு பிடிக்கும். சூடும் நீராவியும் கேஸ் எரிந்த காற்றும் அடுப்படிக்குள்தான் சுற்றும். கேஸ் அடுப்புள்ள வீட்டுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். அந்தப் பணத்தில் நல்ல எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று வாங்கலாம்.

எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டும்போது காற்று வரும் வழியை யோசிக்க வேண்டும். வெளியே போகும் அளவுக்கு உள்ளே வரவும் வேண்டும் அல்லவா? ஃபேனுக்குப் பக்கத்திலேயே ஜன்னல் திறந்திருந்தால் அதன் வழியாக வரும் நல்ல காற்றையே இழுத்து வெளியே தள்ளும். அடுப்புப் புகை அப்படியே நிற்கும். கதவுக்கு எதிர்ச் சுவரில், அடுப்புக்கு மேல்பக்கமாக ஃபேன் இருந்தால் காற்று கதவு வழி வந்து, அடுப்பைக் கடந்து, புகையை அள்ளிக்கொண்டு போகும். மாட்டியதும் ஒரு மெல்லிய காகிதத்தைப் பிடித்துப் பாருங்கள். வலையில் ஒட்டினால் இழுக்கிறது.

கதவு, ஜன்னல் எல்லாம் அடைத்து வைத்துவிட்டு சிம்னியை முழு வேகத்தில் விட்டால் அது காற்றை வேறெங்கிருந்தாவது இழுக்கும். குளியலறையில் கேஸ் கெய்சர் வைத்திருக்கும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். கெய்சரில் எரிந்த காற்று வெளியே போகாமல் வீட்டுக்குள் திரும்பிவிடலாம். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலை சுற்றுகிறது என்று உணர்வதற்குள் ஆள் விழுந்துவிடுவார். கேஸ் கெய்சர் குளியலறைக்குள் இருக்கவே கூடாது, திறந்த வெளியில் மாட்ட வேண்டும். அதுவரை, கெய்சர் எரியும்போது சிம்னியை ஓட்டாதீர்கள்.

இப்போது கேஸ் வாடை. ஸஹருக்கு மூன்று, மூன்றரை மணிக்கு எழுந்து, தூக்கக் கலக்கத்தோடு இருட்டான அடுப்படிக்குள் போகிறோம். முதலில் கை போவது லைட் சுவிட்சுக்கு, அடுத்தது எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு. இரவில் அடுப்புக் குமிழ் சரியாக மூடாமல் இருந்திருந்தால் அந்த ஒரு சுவிட்சே போதும். சுவிட்ச் போடும்போதும் சரி, அணைக்கும்போதும் சரி, உள்ளே கண்ணுக்குத் தெரியாத தீப்பொறி எழும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு சிலிண்டர் கேஸ் கலந்திருந்தாலே பற்றிக்கொள்ளும். கேஸ் வாடை வந்தால் ஃபேனைப் போட்டு வெளியேற்றலாம் என்று நம்புபவர்கள் நம்மிடையே நிறைய. சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு படரும். மேலே உள்ள ஃபேன் அதை இழுத்து முடிக்காது, பற்றவைக்கத்தான் உதவும். நகரங்களில் குழாய் வழி வரும் இயற்கை எரிவாயு லேசானது, மேலே ஏறும். அங்கே ஃபேன் இன்னும் ஆபத்து.

ஆகவே வாசலில் நின்று ஒரு மூச்சு இழுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள். வாடை இருந்தால் எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். காலிங் பெல்லும் சுவிட்ச்தான். ஊதுபத்தி, சாம்பிராணி எரிந்துகொண்டிருந்தால் அணைத்து, ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லோரையும் வெளியே அழைத்து வாருங்கள். மெயின் சுவிட்ச் வீட்டுக்கு வெளியே இருந்தால் அங்கே அணைக்கலாம். தெருவுக்கு வந்த பிறகு 1906 எண்ணுக்கு அழையுங்கள். கேஸ் கசிவுக்கான அவசர எண் இது, எந்த நேரமும் எடுப்பார்கள். கேஸ் கசிந்தால் தானே ஓடும் சென்சார் உள்ள சிம்னி என்று விளம்பரம் செய்கிறார்கள். அது இருக்கிறது என்று ரெகுலேட்டரை மூடாமல் தூங்க வேண்டாம்.

சட்டியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அடுப்பை அணைத்து மூடியால் மூட வேண்டும். சிம்னியையும் அணைக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. ஓடும் சிம்னி அந்தத் தீயைக் குழாய்க்குள் இழுக்கும். உள்ளே ஒரு வருட எண்ணெய் படிந்திருந்தால் குழாய் முழுவதும் எரியும். பக்கச் சுவரில் சுவிட்ச் வைக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம். தீ சட்டியைத் தாண்டிவிட்டால் நின்று போராடாதீர்கள்; வெளியே வந்து 101 அல்லது 112.

யாராவது ஷாக் அடித்து ஒட்டிக்கொண்டால் பதறிப்போய் அவரைத் தொடாதீர்கள். மெயினை அணையுங்கள். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் லைனில் மின்சாரம் இருக்கும். அதையும் அணைக்க வேண்டும். அதன் சுவிட்ச் எங்கே என்று வீட்டில் உள்ள பிள்ளைகளுக்குக்கூடக் காட்டி வையுங்கள். அணைக்க முடியாத நிலையில், காய்ந்த மரக்கட்டையோ பிளாஸ்டிக் நாற்காலியோ கொண்டு தள்ளிவிட்டு 108-க்கு அழையுங்கள். மின்வாரியம் பார்க்க வேண்டிய கோளாறு, அதாவது போஸ்ட்டில் நியூட்ரல் கழன்றது போன்றவை என்றால் 94987 94987 என்ற மின்னகம் எண்ணில் எந்த நேரமும் சொல்லலாம். விளக்குகள் திடீரென்று அளவுக்கு மீறிப் பிரகாசமாவதும் மங்குவதுமாக இருந்தால் அதுதான் நியூட்ரல் கழன்றதன் அடையாளம்.

மாட்டும் வேலையைச் சிம்னிக் கம்பெனி ஆள் செய்வார். ஆனால் அவர் வேலை சாக்கெட்டோடு முடிந்துவிடும்; சுவருக்குள் என்ன இருக்கிறது என்று அவர் பார்ப்பதில்லை. ஆகவே அவர் வருவதற்கு முன்பே, அரசு தரும் மின்கம்பியாள் தகுதிச் சான்றிதழ் உள்ள ஒருவரை வைத்து எர்த், ஆர்.சி.சி.பி., சாக்கெட் மூன்றையும் முடித்துவிடுங்கள். சான்றிதழைக் கேட்பது அவமரியாதை ஆகாது.

சுத்தம் செய்வதற்கும் ஒரு முறை உண்டு. சமோசா, பஜ்ஜி பொரிக்கும் மாதத்தில் கம்பி வலை ஃபில்டரை வாரம் ஒருமுறை கழற்றி, வெந்நீரில் சோப்புப் போட்டு ஊறவைத்துக் கழுவ வேண்டும். பட்டை பட்டையாக உள்ள ஸ்டீல் ஃபில்டர் என்றால் ரமலானில் இரண்டு வாரம், மற்ற மாதங்களில் மாதம் ஒருமுறை போதும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்கிய பிறகே கழற்றுங்கள். ஈரம் முழுவதும் காய்ந்த பிறகே திரும்ப மாட்டுங்கள். மோட்டார் பக்கம் தண்ணீர் தெளிக்கக் கூடாது. பிழிந்த துணியால் துடைப்பது போதும். பெட்டியைத் தொடும்போது லேசாகச் சுருக்கென்று இருந்தால், "ஈரக் கை, அதனால்தான்" என்று விட்டுவிடாதீர்கள். அன்றே பிளக்கைப் பிடுங்கி ஆளை வரச் சொல்லுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்ச் போட்டதும் சுற்றாமல் உறுமிக்கொண்டு நின்றால் குச்சியால் தள்ளிவிட்டுச் சுற்றவைப்பது நம் வீடுகளில் சகஜம். கண்டென்சர் போயிருக்கும், அல்லது எண்ணெய்ப் பிசுக்கில் தண்டு இறுகியிருக்கும். உறுமி நிற்கும் மோட்டார் சில நிமிடங்களில் கொதிக்கும். உடனே அணைத்துவிட்டு, கண்டென்சரை மாற்றச் சொல்லுங்கள்; அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.